ஸ்டோரும் அவர்களுடையது, போட்டி ஆப்பும் அவர்களுடையது: வழக்குப் போடலாமா?

கேள்வி: நானும் என் தோழியும் ஆறு வருடங்களாக ஒரு செயலி நடத்துகிறோம். மருந்து சாப்பிட வேண்டிய நேரத்தை நினைவூட்டும் செயலி. முதல் மாதம் இலவசம், அப்புறம் சிறிய சந்தா. போன வருடம் போனின் இயங்குதளத்தை நடத்தும் நிறுவனமே அதே வேலையைச் செய்யும் ஓர் ஆப்பைக் கொண்டுவந்துவிட்டது. எல்லாப் போன்களிலும் அது முன்கூட்டியே இருக்கிறது. ஸ்டோரில் தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த நாங்கள் இப்போது ஐந்தாவது, ஆறாவது. அவர்களுடைய அலாரம் போன் சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கிறது, எங்களுடையது அடிப்பதில்லை. எங்கள் செயலியை முதன்முதலில் திறந்தால் மூன்று அனுமதிக் கேள்விகள் வருகின்றன. அவர்களுடையதற்கு ஒன்றுகூட இல்லை. புதிதாகச் சேருபவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்கிறாள் தோழி. ஸ்டோரிலிருந்தே தூக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவர்கள் செய்தது உண்மையிலேயே தப்பா, இல்லை இது தோற்றவர்களின் புலம்பலா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: புலம்பல் என்று நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நான்கு குறைகள் இருக்கின்றன. ஒன்று சட்டத்தின் முன் நிற்காது. ஒன்று நிற்கலாம். மற்ற இரண்டும் கவனமாக எடுத்துவைத்தால் நன்றாகவே நிற்கும். நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும்போது நிற்காத ஒன்று மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. போட்டிச் சட்டத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான் எல்லாவற்றையும் கலந்து கொண்டுவருகிறார்கள். கோபமாக இருக்கும்போது பிரித்துப் பார்க்கத் தோன்றாது. அதனால் நாமே பிரிப்போம்.

அதிகம் வலிப்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆறு வருடம் நீங்கள் வளர்த்த யோசனையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்ற வலி அது. செயலி எழுதுபவர்கள் மத்தியில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, 'ஷெர்லாக் பண்ணிவிட்டார்கள்' என்பார்கள். 2002-ல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கான ஷெர்லாக் என்ற தேடல் கருவியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. கரேலியா என்ற சின்ன நிறுவனம் அதற்கு முன்பே விற்றுவந்த வாட்சன் என்ற மென்பொருளை அது வெகுவாக ஒத்திருந்தது. இலவசமாகக் கணினியோடே வரும் ஒன்றுக்கு யார் காசு கொடுப்பார்கள்? அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனாலும் இந்தக் குறையோடு நீங்கள் எங்கே போனாலும் கதவு திறக்காது. மருந்து நேரத்தை நினைவூட்டலாம் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. உங்களுக்கு முன்பும் யாரோ செய்திருப்பார்கள். காசு கொடுத்துப் பெற்ற வசதி இப்போது இலவசமாகக் கிடைக்கிறது, மக்களுக்கு நல்லதுதானே என்று போட்டி ஆணையத்தில், அதாவது இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அமைப்பில், கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. பெரிய நிறுவனம் புதிதாக ஒன்றைச் செய்யவே கூடாது என்று சட்டம் சொன்னால் இழப்பு எல்லோருக்கும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டோரை நடத்துவதால் அவர்களுக்கு மட்டும் தெரியும் உங்கள் விவரங்கள் சில இருக்கின்றன: எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள், எந்த மாதத்தில் நிறுத்துகிறார்கள், எந்த வசதிக்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம். அதைப் பார்த்து அவர்கள் தங்கள் ஆப்பை வடிவமைத்திருந்தால் கதை வேறு. அமேசான் மீது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்திய விசாரணையில் இது ஒரு முக்கியப் பகுதி. தன் தளத்தில் விற்கும் வணிகர்களின் வெளியே தெரியாத விவரங்களைத் தன்னுடைய சொந்த விற்பனைக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று 2022 டிசம்பரில் அமேசான் உறுதி கொடுத்த பிறகுதான் அந்த விசாரணை முடிந்தது. உங்களிடம் அப்படி ஏதும் தடயம் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. இல்லாவிட்டால் இந்தக் குறையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது, எல்லாப் போன்களிலும் முன்கூட்டியே இருப்பது. இது 'நிற்கலாம்' வகை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு தன் பிரவுசரைச் சேர்த்துக் கொடுத்ததுதான் இந்தத் துறையின் பழைய வழக்கு. 1998-ல் அமெரிக்க அரசு தொடுத்தது. பிறகு ஐரோப்பாவில், மீடியா பிளேயரை விண்டோஸோடு கட்டிக் கொடுத்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதம் விழுந்தது. முதலில் கண்ணில் படுவதற்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடல்தான் இயல்பாக வர வேண்டும் என்பதற்காக கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது, அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. எல்லோரும் சுலபமாக மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயம் என்றால் யாராவது இவ்வளவு கொடுப்பார்களா?

ஆனால் முன்கூட்டியே இருப்பது மட்டும் போதாது. போனில் கடிகாரமும் கால்குலேட்டரும் கூடத்தான் முன்கூட்டியே இருக்கின்றன. பார்க்க வேண்டியது: அந்த ஆப்பை நீக்க முடிகிறதா? 'மருந்து நினைவூட்டலுக்கு இதையே பயன்படுத்து' என்று உங்கள் செயலியைத் தேர்ந்தெடுக்க செட்டிங்ஸில் இடம் இருக்கிறதா? மருத்துவ விவரப் பக்கத்திலிருந்து நேராக அவர்களுடைய ஆப்புக்கு மட்டும் வழி விட்டிருக்கிறார்களா? பதில்களை எழுதி வையுங்கள். இப்போதைக்கு அது போதும்.

மூன்றாவது, தேடல் வரிசை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சட்டப் பிரச்சினையின் உயிர்நாடியே இதுதான்.

இது இணையத்தோடு பிறந்த பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1976 முதல் அமெரிக்காவில் பயண முகவர்களின் மேசைகளில் சேபர் என்ற கணினித் திரை வர ஆரம்பித்தது. விமான டிக்கெட் பதிவு செய்வதற்கானது. அதை வைத்திருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். யுனைடெட்டிடம் அப்போலோ என்று ஒன்று இருந்தது. முகவர் இரண்டு ஊர்களின் பெயரையும் தேதியையும் தட்டுவார், விமானங்களின் வரிசை வரும். எதிரே வாடிக்கையாளர் காத்திருக்கும்போது மூன்றாம் திரை, நான்காம் திரை என்று புரட்டிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. முதல் திரையில் வருவதுதான் பெரும்பாலும் விற்கும். அந்த முதல் திரையில் தங்கள் விமானங்கள் வரும்படி திரையின் சொந்தக்காரர்கள் வரிசையை அமைத்துக்கொண்டார்கள். வேறு நிறுவனத்தின் விமானம் இன்னும் வசதியான நேரத்தில் கிளம்பினாலும் கீழே போய்விடும். முகவருக்கு ஏமாற்றப்படுகிறோம் என்று தெரியாது, பயணிக்கும் தெரியாது. கடைசியில் 1984-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம் தலையிட்டு, சொந்த விமானத்துக்கு வரிசையில் சலுகை காட்டக் கூடாது என்று விதி போட்டது.

இருபது வருடத்துக்குப் பிறகு அதே கதை தேடுபொறியில் நடந்தது. 2006-ல் பிரிட்டனில் ஷிவான் ராஃப், ஆடம் ராஃப் என்ற தம்பதி ஃபவுண்டெம் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். தொடங்கிய சில நாட்களிலேயே கூகுள் தேடலில் தளம் பாதாளத்துக்குப் போய்விட்டது. முதலில் ஏதோ தானியங்கி வடிகட்டியின் தவறு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். கேட்டுப் பார்த்தார்கள், எழுதிப் பார்த்தார்கள், எதுவும் நடக்கவில்லை. அப்போது அவர்கள் கவனித்த ஒரு விஷயத்தை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மற்ற தேடுபொறிகளில் அதே தளம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. தளம் மோசம் என்றால் எல்லா இடத்திலும் கீழே போயிருக்க வேண்டும் அல்லவா? 2009-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள்.

2017 ஜூன் மாதம் ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த முடிவில் உங்களுக்குப் பயன்படும் பகுதி அபராதத் தொகை இல்லை, ஆணையம் அங்கே போய்ச் சேர்ந்த வழி. கூகுளிடம் தளங்களைக் கீழே தள்ளும் நிரல்கள் இருந்தன. போட்டி ஒப்பீட்டுத் தளங்களுக்கு அவை பொருந்தின. கூகுளின் சொந்த ஒப்பீட்டுச் சேவைக்குப் பொருந்தவில்லை. அதற்கு மட்டும் பக்கத்தின் உச்சியில், படங்களோடு தனி இடம். போட்டித் தளங்களில் மிக மேலே வந்ததுகூட சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தெரிந்தது. கணினியில் தேடும்போது முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே ஏறக்குறைய 95 சதவீத கிளிக்குகள் போய்விடுகின்றன. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது ஒரு சதவீதம் அளவுக்குத்தான். முதல் முடிவைத் தூக்கி மூன்றாவது இடத்தில் வைத்தாலே அதற்குப் போகும் கிளிக் பாதியாகிறது என்றும் ஆணையம் கண்டது. 'முதலில் இருந்தோம், இப்போது ஐந்தாவதோ ஆறாவதோ' என்று நீங்கள் எழுதியதையும் 'பாதியாகக் குறைந்துவிட்டார்கள்' என்று எழுதியதையும் இந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'அவர்கள் ஏன் முதலில் இருக்கிறார்கள்' என்பது கிடையாது. எங்களுக்கு வைத்திருக்கும் விதியை அவர்கள் தங்களுக்கும் வைத்துக்கொள்கிறார்களா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டோரில் வரிசையைத் தீர்மானிப்பது ரிவ்யூ, மதிப்பெண், டவுன்லோட் எண்ணிக்கை, அப்டேட் வரும் வேகம் என்று அவர்களே உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். உங்களுடைய மதிப்பெண் 4.7, அவர்களுடையது 3.1, ரிவ்யூ எண்ணிக்கையிலும் நீங்களே அதிகம், இருந்தும் அவர்கள் மேலே என்றால் அங்கே விளக்கம் கேட்க இடமிருக்கிறது. அவர்களுடையது நிஜமாகவே நன்றாக இருந்து மேலே வந்திருந்தால் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நாளை அவர்களுடைய வக்கீல் சொல்லி நீங்கள் முதல்முறையாகக் கேட்கக் கூடாது. பிரிட்டனில் ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத் தளம் இருந்தது. இடத்தின் பெயரைத் தேடினால் பக்கத்தின் மேலேயே கூகுள் தன் வரைபடத்தைக் காட்ட ஆரம்பித்ததும் அவர்களுக்கு வருகை சரிந்தது. வழக்குப் போட்டார்கள், 2016-ல் தோற்றார்கள். அந்தப் பெட்டி போட்டியைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதித்திருக்க வாய்ப்பில்லை, அப்படிக் காட்டுவதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது என்றது லண்டன் உயர் நீதிமன்றம். இடத்தைத் தேடுபவருக்கு உடனே வரைபடம் கிடைப்பது வசதிதானே. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே மாதிரிக் குறை, இரண்டு வேறு முடிவுகள். ஸ்ட்ரீட்மேப்புக்கு நேர்ந்ததை நான் எந்தக் கட்சிக்காரரிடமும் மறைப்பதில்லை.

இனி நான்காவது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன சைலன்ட் அலாரமும் அனுமதிக் கேள்விகளும். என் கணிப்பில் உங்களிடம் இருக்கும் வலுவான குறை இதுதான். தேடல் வரிசையில் ஆயிரம் காரணம் சொல்லலாம். ஒரே போனில், ஒரே நேரத்தில், ஒரே வேலைக்காக வைத்த இரண்டு அலாரங்களில் ஒன்று அடிக்கிறது, மற்றது வாய் மூடிக் கிடக்கிறது என்றால் அதை யாரும் கண்ணால் பார்த்துவிடலாம். அதுவும் மருந்து விஷயம். இரவு எட்டு மணி மாத்திரை நேரத்தில் போன் சைலன்ட்டில் இருந்ததால் ஒருவர் மாத்திரையைத் தவறவிட்டார் என்றால் அவர் யார் மீது குறை சொல்வார்? உங்கள் செயலி மீதுதான். ஒரு நட்சத்திர ரிவ்யூ எழுதுவார். அந்த ரிவ்யூ உங்களை வரிசையில் இன்னும் கீழே தள்ளும். மூன்றாவது குறைக்குத் தீனி போடுவதே நான்காவது குறைதான், கவனித்தீர்களா?

அனுமதிக் கேள்விகளில் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு அண்மையில் ஒரு முடிவு வந்திருக்கிறது. மற்றவர்களின் செயலிகள், பயனர் வேறு ஆப்களிலும் இணையத் தளங்களிலும் செய்வதைப் பின்தொடர அனுமதி கேட்கும் திரையை ஆப்பிள் அமைத்த விதத்துக்காக, பிரான்ஸின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் போட்டது. தனியுரிமையைக் காப்பது தவறு என்று அந்த ஆணையம் சொல்லவில்லை. நோக்கம் சரி, அதை நடைமுறைப்படுத்திய விதம் தேவைக்கு மீறிச் சிக்கலாகவும் மற்றவர்களுக்குச் சமமில்லாததாகவும் இருக்கிறது என்றது. அதே மாதம், ஐபோனின் சில வசதிகளை மற்ற நிறுவனங்களின் கைக்கடிகாரங்களுக்கும் ஹெட்ஃபோன்களுக்கும் எப்படித் திறந்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு வரையறுத்துச் சொன்னது.

உங்கள் விஷயத்தில் அவர்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும்: பாதுகாப்பு. எல்லாச் செயலிக்கும் சைலன்ட்டைத் தாண்டி அடிக்க உரிமை கொடுத்தால் விளையாட்டு ஆப்புகளும் நள்ளிரவில் அலறும் என்பார்கள். நியாயமான பதில்தான். அதனால், முதலில் ஒன்றைச் செய்யுங்கள். மருத்துவம் போன்ற தேவைகளுக்காகத் தனியாக விண்ணப்பித்துப் பெறும் அவசர ஒலி அனுமதி ஏதும் இருக்கிறதா என்று டெவலப்பர் ஆவணங்களில் தேடுங்கள். இருந்தால் எழுத்தில் விண்ணப்பியுங்கள். கொடுத்துவிட்டால் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. மறுத்தால், காரணம் கேட்டு இன்னொரு கடிதம் போடுங்கள். 'எங்கள் ஆப்புக்கு உண்டு, உங்களுடையதற்கு இல்லை' என்று அவர்கள் கைப்பட எழுதிய ஒரு வரி, என் போன்றவர்கள் எழுதும் நாற்பது பக்க மனுவைவிடப் பெறுமானம் உள்ளது. கேட்காமலேயே 'தரமாட்டார்கள்' என்று எழுதிவிட்டால் முதல் விசாரணையிலேயே நம் வாதம் சரிந்துவிடும்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து வழி மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இருக்கிறது. 'வாயிற்காவலர்' (மற்றவர்கள் பயனர்களிடம் போய்ச் சேர இவர்கள் தளத்தையே நம்ப வேண்டிய அளவுக்குப் பெரிய நிறுவனம்) என்று முதலில் அறிவிக்கப்பட்ட நிறுவனங்கள் 2024 மார்ச் 7 முதல் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வரிசைப்படுத்தும்போது சொந்தச் சேவைக்குச் சலுகை காட்டக் கூடாது என்று அதில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. மீறினால் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம் போகலாம். அங்கே உங்களுக்குப் பயனர்கள் இருந்தால் அதுதான் முதல் கதவு. அமெரிக்காவில் அப்படி ஒரு தனிச் சட்டத்துக்கான மசோதா 2022 ஜனவரியில் செனட் குழுவைத் தாண்டியது, சபையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. அங்கே பழைய ஏகபோகச் சட்டங்களை வைத்துத்தான் வாதாட வேண்டும், பாதை கரடுமுரடு. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவது அதன் நான்காம் பிரிவில் வருகிறது. தேடல் முடிவுகளில் தன் விமானத் தேடல் சேவைக்குச் சலுகை காட்டியது உள்ளிட்டவற்றுக்காக 2018-ல் கூகுளுக்கு ரூ.135.86 கோடியும், ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022-ல் ரூ.1,337.76 கோடியும் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது.

எங்கே போனாலும் ஒன்று பொது. பழைய போட்டிச் சட்டங்களின்படி, உங்களுக்கு நஷ்டம் என்று காட்டினால் மட்டும் போதாது. அந்த நிறுவனம் அந்தச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறது, அதன் செயலால் போட்டியே சுருங்குகிறது என்று காட்ட வேண்டும். அதனால் தனியாகப் போகாதீர்கள். மருந்து நினைவூட்டல் செயலி நடத்தும் மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். நேற்று வரை போட்டியாளர்களாக இருந்தவர்களோடு பேசுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். பரவாயில்லை. ஐந்து பேருக்கும் ஒரே மாதத்தில் ஒரே சரிவு என்றால் அது ஐந்து பேரின் திறமைக் குறைவாக இருக்க முடியாது. (ஆனால் அவர்களோடு பேசும்போது சந்தா விலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாதீர்கள். போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது அதே சட்டத்தில் பெரிய குற்றம்.)

இனி ஆதாரம். சில வருடங்களுக்கு முன் ஓர் இணையத் தளத்தை நடத்திய ஒருவர் என்னிடம் வந்தார். நானூறுக்கு மேல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். இரவு இரவாக உட்கார்ந்து எடுத்தது. ஒன்றிலும் தேதி தெரியவில்லை. எல்லாமே அவருடைய சொந்தக் கணக்கில் நுழைந்த நிலையில் தேடியது. 'இது உங்கள் பழைய தேடல்களைப் பார்த்து உங்களுக்கென்று வந்த வரிசை' என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். அவரிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். பழைய கணக்கு எதுவும் இல்லாத, ரீசெட் செய்த போனை எடுங்கள். ஒரே சொற்களை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் தேடி, திரையைக் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். வேறு இயங்குதளத்தின் ஸ்டோரிலும் அதே சொற்களைத் தேடுங்கள். அங்கே நீங்கள் இன்னும் முதலிடத்தில் இருந்தால், ஃபவுண்டெம் தம்பதி கையில் இருந்த அதே அத்தாட்சி உங்கள் கையிலும் இருக்கிறது. டவுன்லோட் எண்ணிக்கையை நாள்வாரியாக இறக்கி வையுங்கள். அவர்களுடைய ஆப் வெளிவந்த தேதி, உங்கள் செயலியில் நீங்கள் ஏதாவது பெரிய மாற்றம் செய்த தேதி, விலை கூட்டிய தேதி எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் குறியுங்கள். விலை கூட்டிய மாதத்தில்தான் சரிவு தொடங்கியது என்றால் அது முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

ஸ்டோரிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்ற பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வருமானம் முழுக்க அந்த ஒரு கதவு வழியாகத்தான் வருகிறது. ஆனால் சில பாதுகாப்புகள் இருக்கின்றன. மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டத்தில், அதிகாரிகளிடம் புகார் சொல்வதை வாயிற்காவல் நிறுவனங்கள் தடுக்கக் கூடாது என்றே ஒரு விதி உண்டு. பெயரை ரகசியமாக வைக்கும்படி கோர இந்தியா உட்படப் பல ஆணையங்களில் வழி இருக்கிறது. சங்கமாகப் போனால் தனி முகம் தெரியாது. அதோடு, டெவலப்பர் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்து, அவர்கள் சுட்டிக்காட்டக்கூடிய சின்னச் சின்ன மீறல்கள் உங்கள் பக்கம் இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள். புகார் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால் அது பழிவாங்கலா, விதிமுறையா என்று நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும்.

காலம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தோழி 'வழக்கு' என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது ஒருவேளை ஓரிரு வருடங்களாக இருக்கலாம். ஃபவுண்டெம் 2009-ல் புகார் கொடுத்தது. அபராதம் 2017-ல். கூகுள் மேல்முறையீட்டில் கடைசி நீதிமன்றம் வரை போய், 2024 செப்டம்பர் 10 அன்றுதான் இறுதித் தீர்ப்பு வந்தது. பதினைந்து வருடம். அபராதப் பணம் புகார்தாரருக்கு வராது. நஷ்ட ஈட்டுக்குத் தனியாக வழக்குப் போட வேண்டும். ஃபவுண்டெம் 2016-லேயே கடையைக் கட்டிவிட்டது. அவர்கள் ஜெயித்தார்கள், அவர்களால் மற்றவர்களுக்கு ஒரு சட்டமே கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். அந்தத் தளம் திரும்பி வரவில்லை. இதை எழுதும்போது எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதனால் உங்களுக்கும் தோழிக்கும் நடுவே நான் தீர்ப்புச் சொல்வதென்றால்: புகார் கொடுங்கள், வழக்குப் போடாதீர்கள், இப்போதைக்கு. ஆணையத்திடம் தகவல் கொடுப்பதற்கு ஆகும் செலவு நீதிமன்ற வழக்கோடு ஒப்பிட்டால் சிறியது. விசாரிக்கும் வேலையும் ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரமும் அவர்களுடையது. ஆணையம் மீறல் என்று முடிவு சொன்ன பிறகு நஷ்ட ஈடு கேட்டுப் போவது எவ்வளவோ சுலபம்.

இதற்கிடையில் செயலி பிழைக்க வேண்டும். இருக்கிற பயனர்களிடம் இப்போதே மின்னஞ்சல் முகவரி கேளுங்கள், அவர்கள் சம்மதத்தோடு. இன்று உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஸ்டோர் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம், அந்த நிறுவனம் தன் போனுக்குள்தான் பார்க்கும். மருந்து சாப்பிடும் வீடுகள் அப்படி இல்லை. அப்பாவிடம் ஒரு கம்பெனி போன், மகளிடம் வேறு கம்பெனி போன். அப்பா எட்டு மணி மாத்திரையைப் போட்டாரா என்று வேறு ஊரில் இருக்கும் மகளின் போனில் தெரிய வேண்டும். இயங்குதளம் நடத்துபவருக்கு இதைச் செய்ய ஆர்வம் இருக்காது. எதிராளியின் போனையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டுமே. நீங்கள் செய்யலாம். உங்கள் செயலியில் இது ஏற்கெனவே இருக்கிறதா என்று கடிதத்தில் தெரியவில்லை. இல்லையென்றால் அடுத்த அப்டேட்டில் முதல் வேலையாக இதை வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்களுடைய ஆப்பும் உங்களுடையதும் இருக்கும் ஒரு போனை மேசை மேல் வையுங்கள். பக்கத்தில் தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு கடிகாரம். சைலன்ட்டில் போட்டு, இரண்டிலும் ஐந்து நிமிடம் கழித்து அலாரம் வைத்து, வேறொரு போனால் வெட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம் எடுங்கள். இயங்குதளத்தின் பதிப்பு எண் தெரியும் செட்டிங்ஸ் பக்கத்தையும் அதே காணொளியில் காட்டிவிடுங்கள். அடுத்த அப்டேட்டில் அவர்கள் சத்தமில்லாமல் இதை மாற்றிவிடலாம். தோழியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாட்சிக்கு ஆள் வேண்டும்.

— போட்டிச் சட்ட வழக்கறிஞர்